தாமல் ஏரியில் உன் திசை தப்பவில்லை

என் செல்லக் கொழுந்தனே, தண்ணீருக்கு அடியில் தெரு போட்டு நடந்தவனே, ஏழுமலைத் தம்பி,

நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். நீ போயிருக்கிற இடத்திலிருந்து பதில் எழுத வசதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். நலமா? அங்கே கிழக்கு எது, மேற்கு எது என்று கண்டுபிடித்துவிட்டாயா? புதிதாக வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, நேராகப் போகப் பழக்கிக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்க உன் அண்ணன் அச்சாபீசுக்குப் புறப்பட்டார். நானும் கூடவே போனேன். அச்சுக்காரர் உன் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே நாலு வரி போட்டால் போதும் என்றார்.

"போதாது" என்றேன்.

"எத்தனை வரிம்மா வேணும்?"

"எழுதி முடிச்சாத்தான் தெரியும். மூணாங்கிளாஸோட நின்னுட்டவ நான். வரிக்கு ஒரு நாள் ஆவும்."

அவர் உன் அண்ணனைப் பார்த்தார். உன் அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அவர் எங்கே இருந்தாலும் கூரையைத்தான் பார்ப்பார், உனக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதாக அச்சுக்காரர் கடைசியில் ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தாமல் ஏரியில் அன்றைக்கு நீ ஏன் வழி தவறினாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் காதில் மட்டும் சொன்னால் போதாது. ஊர் பார்க்கத்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். ஊர் கேட்கத்தான் இதையும் சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் தறியில் மாம்பழ நிறப் புடவை ஒன்று ஏறியிருக்கிறது. உன் டிரான்சிஸ்டர் இன்னும் பாடுகிறது, தலையில் ஒரு தட்டு தட்டினால். உன் சட்டைகளை அவர்தான் போடுகிறார். தோள் தொங்குகிறது, கை முழங்கைக்கு வருகிறது, ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்கிறார். மஞ்சள் காமாலைக்கு அந்தக் கீழாநெல்லியை நாலு நாள் முன்னாலேயே கொடுத்திருக்கலாமோ என்று ஆவணி மாதம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நீ சாயப் பட்டறையில் நூல் அலசிய ஏழுமலை. அதற்கு முன்னால் நீ யார் என்று அவர்களுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ ஓரமாக உட்கார்ந்து கேள். குறுக்கே பேசாதே.

நெசவுத் தெருவில் பிறந்தவனுக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை. மதராசுக்கு ஓடினான். துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தான். கப்பலின் அடிவயிற்றைப் பார்ப்பது, விழுந்த சாமானைத் தேடி எடுப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் குழாய், காலில் வாத்துக் கால் மாதிரி ரப்பர் துடுப்பு. லீவில் வந்து நீ இதை விவரித்த அன்றைக்கு நான் கேட்டேன்: "அப்போ உன்னை வலை போட்டுப் பிடிச்சா குழம்பு வெக்கலாமா?"

"வெக்கலாம் அண்ணி. முள்ளு ஜாஸ்தி இருக்கும்" என்றாய்.

மணிக்கட்டில் ஒரு கறுப்பு டப்பி கட்டியிருந்தாய். காம்பஸ். உள்ளே ஊசி ஒன்று நடுங்கிக்கொண்டே வடக்கைப் பார்த்து நின்றது. ஓரத்தில் எண்கள் போட்ட வளையம், போக வேண்டிய திசைக்குத் திருப்பி வைத்துக்கொள்ள. நான் அதைத் தொட்டுப் பார்க்க வந்தபோது நீ சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"கலங்கல் தண்ணியில கையே தெரியாது அண்ணி. நேராப் போறோம்னு நினைச்சுக்கினு இருப்போம். ஒரு கால் பலமா உதைக்கும், இன்னொன்னு கம்மியா உதைக்கும். வட்டம் அடிச்சுக்கினு கெடப்போம். மேலயா கீழயான்னே தெரியாது. மனசு இப்படிப் போ, இப்படிப் போன்னும். அதைக் கேட்டா செத்தோம். ஊசியைத்தான் நம்பணும்."

"எவ்ளோ தூரம் வந்துட்டோம்னு எப்படித் தெரியும்?"

"உதையை எண்ணிக்கினே போவோம். ரெண்டு காலும் ஒரு தடவை உதைச்சா எனக்கு மூணடி. திரும்பி வரணும்னா ஊசிக்கு வால் இருக்குது பாருங்க, அது காட்டற பக்கம் அதே எண்ணிக்கை. போன இடத்துக்கே வந்து நிப்போம்."

"கட்டிக்கப் போறவளையும் ஊசியைக் கேட்டுத்தான் பார்ப்பியா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

மறுநாள் காலை தெருவில் நீ செய்த கூத்தையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் காலையில் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர் பண்ணுவார்கள். நீ தலையில் அரிசிச் சாக்கை மாட்டிக்கொண்டு, காம்பஸ் கையை முன்னால் நீட்டி, குனிந்து சாக்கின் அடியில் ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்தப் பாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடைவெளியில் நடந்தாய்.

"டேய் ஏழுமலை, ஒரு இழை அறுந்துச்சு, உன் காலை ஒடிச்சுத் தறியில பூட்டிடுவேன்!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

நீ எண்ணிக்கொண்டே போனாய். ஒரு இழை அசையவில்லை. தெருக்கோடியில் நின்று சாக்கை எடுத்தபோது பிள்ளையாரின் தும்பிக்கை உன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தெருவே கைதட்டியது. நான் மட்டும் "பிள்ளையாரு கூப்பிட்டிருப்பாரு, இவனுக்கு என்ன தெரியும்?" என்றேன். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். வாய் அப்படி.

தாமல் பெண் தனத்தைப் பற்றி நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். காணும் பொங்கலுக்குத் தாமல் ஏரிக்கரைக்குப் போனபோது பார்த்தாயாம். கரும்பைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்ததாம். "என்ன பல்லு அண்ணி!" என்றாய். பெண்ணின் முகத்தைப் பற்றி நாலு நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. நானும் உன் அண்ணனும் போய்ப் பேசினோம். அவள் அப்பா கன்னியப்பர் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். நல்ல மனுஷர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணிக்கு அடியில வேலைங்கறீங்க. அங்க போனவன் திரும்பி வர வழியை யாரு காட்டுவாங்க?"

நீ டப்பியைக் காட்டினாய். அவர் அதை உள்ளங்கையில் வைத்து, எலிப்பொறியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நம்பவில்லை. அப்போதுதான் அந்த அண்டாப் பேச்சு வந்தது. ஊர்ப் பொது அண்டா, நூறு பேருக்கு ஆக்குகிற பித்தளை அண்டா. எதிர்க்கரையில் ஒரு கல்யாணத்துக்குத் தெப்பத்தில் வைத்துக் கொண்டுபோகும்போது காற்றில் தெப்பம் கவிழ்ந்து ஏரிக்குள் போய்விட்டது. ஊரில் மூச்சடக்கி முழுகுகிற பேர் எல்லாம் முழுகிப் பார்த்தாகிவிட்டது. கலங்கல். சேறு. ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் எடுத்துத் தரேன். போன வழியே திரும்பியும் வரேன். நீங்களே கரையில நின்னு பாருங்க" என்றாய். பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. அதற்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாய்.

அந்தக் காலையை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், தம்பி! ஏரி கரை தட்டி நிற்கிறது. வானம் மூட்டம். காற்று. கவிழ்ந்த தெப்பத்தில் இருந்தவர்களை நீ கூட்டி வந்து, மதகுக் கல்லில் ஒருவரை நிற்க வைத்தாய், தூரத்தில் வேப்பமரத்தடியில் ஒருவரை. அண்டா விழுந்த திசையைக் கை நீட்டிக் காட்டச் சொன்னாய். இரண்டு இடத்திலும் காம்பஸை வைத்துப் பார்த்தாய். மண்ணில் குச்சியால் இரண்டு கோடு போட்டு, அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு கூழாங்கல் வைத்தாய். "மதகுக் கல்லுலேருந்து எதிர்க்கரை ஒத்தப் பனையைப் பார்க்க, நூத்து நாப்பது உதை, உதைக்கு மூணடி. அங்கதான் இருக்குது" என்றாய். அண்டா கிடைத்ததும் ஒரு சிவப்பு பலூனில் காற்றை நிரப்பிக் கயிற்றோடு மேலே விடுவதாகச் சொன்னாய். உன் இடுப்பில் கயிறு கட்டலாம் என்று உன் அண்ணன் சொன்னார். அடியில் கருவேல முள் கிடக்கிறது, கயிறு சிக்கினால் அதுவே ஆபத்து என்றாய்.

பிறகு கூழ் குடிக்க உட்கார்ந்தாய். காம்பஸைக் கழற்றி என்னிடம் நீட்டினாய்.

"அண்ணி, ரப்பர் பட்டை மணிக்கட்டுல வழுக்குது. உள்பக்கம் துணி ஒண்ணு வெச்சுத் தெச்சுக் குடுங்க."

ஏரிக்கரையில் கன்னிமார் ஏழு பேர் கல்லாக நிற்கிறார்கள் அல்லவா? கல்யாணம் ஆகாத ஆம்பிளை ஏரியில் இறங்கினால் அவர்கள் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உடம்பில் இரும்பு இருந்தால் கிட்டே வரமாட்டார்கள். அதற்காக மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் மூன்று லாட ஆணி வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். உன்னிடம் கொடுத்தால் சிரிப்பாய். "இன்னா அண்ணி, எனக்கு லாடம் அடிக்கப் போறீங்களா?" என்பாய். அரைஞாணில் கட்டினால் அவிழ்த்துப் போடுவாய். எப்படி உன் மேல் ஏற்றுவது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். நீயே டப்பியைக் கையில் கொடுத்துவிட்டாய். துணிக்குள் மூன்று ஆணியையும் வைத்து, வெளியே தெரியாமல் நெருக்கித் தைத்தேன். அவ்வளவு அழகாக என் ரவிக்கையைக்கூட நான் தைத்ததில்லை.

மதகுக் கல்லுக்குப் பக்கத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று கையைப் பார்த்தாய். பனைமரத்தைப் பார்த்தாய். மறுபடி கையைப் பார்த்தாய். நெற்றி சுருங்கியது. என்னவோ சரியில்லை என்று உனக்குத் தோன்றிவிட்டது. ஒரு நிமிஷம் உன்னை விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

நான் விட்டேனா? "இன்னா தம்பி, வழி மறந்துட்டுச்சா? நான் வேணா முன்னாடி போய்க் காட்டட்டுமா?" என்று கத்தினேன். கரை முழுக்கச் சிரிப்பு. தனமும் சிரித்தாள். நீ குழாயை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

நாங்கள் எல்லோரும் பனைமரத்துக்கு நேராகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்றில் அலை. உன் மூச்சுக் குமிழி எங்கேயும் தெரியவில்லை. சிவப்பு பலூன் வரவில்லை. உன் அண்ணன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். காற்று தீரும் நேரம் தாண்டிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வலப்பக்கம், ரொம்ப தூரத்தில், அடுத்த ஊரான முசரவாக்கத்துப் பக்கம் கோரைப் புதரில் ஏதோ அடித்துக்கொண்டது. இரண்டு பேர் ஓடினார்கள். உன்னை இழுத்து நிறுத்தினார்கள். முகத்தில் கண்ணாடி இல்லை. மூக்கில் ரத்தம். தலையெல்லாம் கோரை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரேயடியாக உடைந்தது. அழுகையாகத்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பாக வந்தது.

"தாமல்ல இறங்கி முசரவாக்கத்துல எழுந்துட்டாருப்பா எங்க கொழுந்தனாரு!"

கரையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு நான் வைத்த பேர்தான், கடைசி வரைக்கும் 'முசரவாக்கத்தார்'. நீ பாடையில் போகும்போதுகூட யாரோ அந்தப் பேரைத்தான் சொல்லி விசாரித்தார்கள்.

கன்னியப்பர் அப்போதே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். திசை தெரியாத பிள்ளைக்குப் பெண் தர மனசில்லை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டோம். ஏரியிலிருந்து ஊர் திரும்புகிற பஸ்ஸிலேயே நீ சொல்லியிருந்தாய்: "மனசு இடதுன்னுச்சு அண்ணி. ஊசி வலதுன்னுச்சு. நான் ஊசியைத்தான் நம்பினேன். அவ பார்த்துக்கினு இருந்தாளா, எண்ணைத் தப்பா திருப்பி வெச்சுட்டேன் போல." அதற்குப் பிறகு நீ துறைமுகத்துக்குப் போகவில்லை. எண்ணைத் தப்பாக வைக்கிறவன் தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது, கூட வருகிறவனையும் கொல்வான் என்று காண்டிராக்டருக்கு நீயே எழுதிப் போட்டாய். டப்பி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. நீ சாயப் பட்டறைக்குப் போனாய்.

போன மாதம் உன் கூட்டாளி அந்தோணி வந்திருந்தார், துறைமுகத்தில் உன்னோடு முழுகியவர். நீ போன சேதியே அவருக்கு இப்போதுதான் எட்டியிருக்கிறது. உன் போட்டோ முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு காம்பஸைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார், உன்னைப் போலவே கையை முன்னால் நீட்டி. இரண்டடி வைத்து நின்றுவிட்டார்.

"அக்கா, உங்க ஊர்ல சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?"

"ஏன், காலையிலயே போட்டுக்கினு வந்துட்டியா?"

"ஊசி வேற எங்கேயோ காட்டுதுக்கா."

பட்டையைத் தடவிப் பார்த்தார். பிளேடு கேட்டார். என் தையல், லேசில் பிரியவில்லை. உள்ளேயிருந்து மூன்று ஆணியும் துருப்பிடித்து விழுந்தன.

"ஐயோ! யாருக்கா இதை வெச்சது? இரும்பு கிட்டே வந்தா ஊசி அதும் பக்கம் சாய்ஞ்சுடும். சிலிண்டர் கிட்டே வரக் கூடாதுன்னுதான் கையையே அவ்ளோ தூரம் நீட்டிக்கினு போறோம். இதைக் கட்டிக்கினு தண்ணியில இறங்கினவன் உயிரோட மேல வந்ததே பெரிசு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலையேப்பா" என்றேன்.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களுக்கு முதல் நாளே உன் கதையைத்தான் சொல்வாராம். எண்ணை மூன்று தடவை பார், ஒரு தடவை பார்த்த ஏழுமலை ஏரியிலேயே தொலைந்தான் என்று. "அவனே எழுதினதுக்கா. அவன் தப்புன்னு அவனே ஒத்துக்கினான்" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன். பஸ் ஏற்றி அனுப்பினேன். வாய் மட்டும் திறக்கவில்லை. எதற்கெல்லாமோ திறக்கிற வாய்.

ஆறு நாள் தாங்கினேன். ஏழாம் நாள் உன் அண்ணனிடம் காய்கறிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தாமலுக்குப் பஸ் ஏறினேன். உன் கல்யாணத்தைக் கெடுத்தது என் இரும்பு என்று கன்னியப்பரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். நெற்களத்தில் உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தது. ஆணிகளைத் தரையில் வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பையன் திசை தப்பலை. நான்தான் தப்ப வெச்சேன். அது தெரியாம நீங்க பொண்ணு குடுக்கலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று முடித்தேன்.

"திசை தப்பினதுக்காகவா குடுக்கலைன்னு நினைச்சுக்கினு இருந்தீங்க?" என்றார்.

"பின்னே?"

"வழி தப்பறது மனுஷனுக்கு சகஜம்தானேம்மா. ஏர் ஓட்டறவன்கூட கோணிக்கினு போறான்." ஒரு ஆணியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அந்தப் பையன் செத்துப் பொழைச்சு கோரையில நிக்கிறான். மூக்குல ரத்தம். நீங்க சிரிச்சீங்க. ஊர் சிரிச்சா போவட்டும். சொந்த அண்ணி, எல்லாருக்கும் மேல சத்தமா. எம்பொண்ணு வீட்டுக்கு வந்து சோறு தின்னலை. 'சாவுலேருந்து வந்தவனைப் பார்த்துச் சிரிக்கற வீட்ல எனக்கு ஒண்ணு ஆனா யாரு அழுவாங்கப்பா?'ன்னு கேட்டுச்சு. நான் என்னா பதில் சொல்றது? ஜாதகம்னு சொல்லி அனுப்பிச்சேன்."

களத்திலேயே உட்கார்ந்தேன்.

"அவளும்தானே சிரிச்சா, இறங்கும்போது?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு வாதாட வேண்டியிருந்தது பார்.

"இறங்கும்போது சிரிச்சுது. ஏறும்போது சிரிக்கலை."

பிறகு அவரே தொடங்கினார். "அண்டா கெடைச்சிருச்சு, தெரியுமா? அந்தக் கோடையிலயே ஏரி வத்திச்சு. அவன் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. மதகுக் கல்லுலேருந்து ஒத்தப் பனையைப் பார்த்துக்கினு, உதைக்கு மூணடின்னு அடி வெச்சுப் போனேன். சேத்துல விளிம்பு தெரிஞ்சுது. நாலடி தள்ளிக்கூட இல்லை."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"வேணாம்னுட்ட வீட்டுக்கு எந்த முகத்தோட ஆளு அனுப்பறது? தப்புதான். அவன் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும்."

நாலடிகூட இல்லையாம், தம்பி. நீ மண்ணில் வைத்த கூழாங்கல் இருந்த இடம்தான். உனக்குக் கேட்கிறதா? கண் தெரியாத சேற்றில், இரண்டு ஆள் நீட்டிய கையை வைத்துக்கொண்டு, நீ போட்ட கணக்கு. சாயத் தொட்டியில் கை விட்டுக்கொண்டு இத்தனை வருஷமும் உன்னை நீயே நம்பாமல் இருந்தாயே! அன்றைக்கு ஊசி பொய் சொன்னது. உன் மனசு நிஜம் சொன்னது. எப்போது எதை நம்புவது என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். தறியை நிறுத்தினார். கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

"அவன் உன்னை ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்லை" என்றார். "நானும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தோணிகிட்ட தெரியலைன்னு சொன்னே பாரு, அதைப் போய் சரி பண்ணு."

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தம்பி. வருகிற வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் உன் அண்ணனும் நானும் மதராசுக்குப் போகிறோம். அந்தோணியின் புது ஆட்கள் தண்ணீரில் இறங்கும் முன்னால் அவர்கள் எதிரில் நிற்பேன். நூத்து நாப்பது உதை, அண்டா அங்கேதான் இருந்தது என்பேன். ஆணி வைத்தவள் நான் என்பேன். பட்டைக்குள் யாராவது அம்மாவோ பெண்டாட்டியோ எதையாவது தைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவர் கையையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவேன். அன்போடு தைத்ததைத்தான் முதலில் பிரிக்கச் சொல்வேன்.

இன்னொன்று. சிரிப்பதை நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் நீயே நம்பமாட்டாய். அது என்னால் ஆகாது. ஆனால் இனிமேல் தண்ணீரிலிருந்தோ, ஆஸ்பத்திரியிலிருந்தோ, எந்தக் கஷ்டத்திலிருந்தோ ஒருவர் தட்டுத்தடுமாறி மேலே வரும்போது, முதலில் இறங்கிப் போய்க் கையைக் கொடுப்பேன். முந்தானையால் மூக்கைத் துடைப்பேன். அவர் மூச்சு வாங்கி நின்று, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து, அவராகச் சிரித்தால் அப்புறம் நானும் சிரிப்பேன்.

அன்றைக்குக் கோரைக்குள் இறங்கி வராத,
உனக்கு மூத்தவளும் உனக்குப் பின்னால் வரப்போகிறவளுமான
உன் அண்ணி,
பச்சையம்மாள்